பதினொன்றாம் பத்தி

காலை ஒன்பது மணிப் படகில் ஹவுராவிலிருந்து நதியைக் கடந்து வேலைக்குப் போய்வந்தவன் நான். நாற்பத்தோரு ஆண்டுகள் அவ்வாறு கடந்தேன். இப்போது கடப்பதில்லை. ஆயினும் பகலுணவுக்குப் பின் நாற்காலியில் கண் அயரும் வேளையில், பாதங்களுக்கடியில் அந்தப் படகின் அதிர்வு மெல்லத் தொடங்கிவிடுகிறது. மழைக்காலத்து நதி மண்ணிறமாக விரிகிறது. எதிர்க்கரையின் கட்டடங்கள் ஈரப் புகைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக எழுகின்றன. மடியில் ஒரு வழக்கின் கட்டு இருக்கிறது. யாருடைய வழக்கு என்று குனிந்து பார்க்கிறேன். பெயர் தெரிவதற்குள் விழித்துவிடுகிறேன்.

அத்தகைய அரைவிழிப்பில் எழுதப்படும் குறிப்பு இது என்பதை முதலிலேயே தெரிவித்துவிடுகிறேன். சட்டத் தொழிலில் அண்மையில் நுழைந்த இவ்வூர்த் தமிழ் இளைஞர்கள் சிலர், என் பணிக்கால அனுபவங்களை எழுதித் தருமாறு கேட்டீர்கள். உங்களில் பாதிப் பேருக்கு வங்காளம் வாசிக்கும் வேகத்தில் தமிழ் வாசிக்க வராது என்பதை அறிவேன். வீட்டில் யாரையேனும் வாய்விட்டு வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். செவிவழி வருவதும் படிப்புதான்.

நான் வழக்கறிஞன் அல்லேன். வழக்கறிஞர்களுக்கு எழுத்தனாக இருந்தவன். இந்நகரத்தில் எங்களை முஹுரி என்று அழைப்பார்கள். பள்ளியிறுதிக்கு மேல் நான் எந்த வகுப்பிலும் அமர்ந்ததில்லை. பிறர் எழுதிய மனுக்களைப் படியெடுத்தே ஆங்கிலம் கற்றேன். பழைய தீர்ப்புகளைப் படித்தே ஒரு வாக்கியத்தை எங்கே தொடங்கி எங்கே முடிப்பதென்று அறிந்தேன். ஆகவே என் நடையில் கோர்ட்டு வாசனை அடித்தால் பொறுத்தருள வேண்டும்.

என் பணியின் கடைசி மூன்றாண்டுகளில் எங்கள் அலுவலகத்துக்குச் செயற்கை நுண்ணறிவு வந்து சேர்ந்தது. அதற்கென்று ஒரு நாற்காலியும் போட வேண்டியிருக்கவில்லை. நேற்றுவரை மேசையிலிருந்த அதே திரைக்குள் அது வந்து குடியேறியது. எழுநூறு பக்கக் கட்டொன்றை அது படித்துமுடித்துச் சாரத்தைத் தந்தபோது, நான் என் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து முடித்திருக்கவில்லை. எனக்குப் பொறாமை தோன்றவில்லை. ஓடும் ரயிலில் அமர்ந்து, நம்மைக் கடந்துபோகும் இன்னொரு ரயிலைப் பார்க்கையில் ஒரு மயக்கம் வருமே, அதுதான் வந்தது. நகர்வது நாமா அவர்களா என்று சிறிது நேரம் தெரியாது.

அது வந்த முதல் மாதத்திலேயே என்னைத் தலைகுனிய வைத்தது. ஒரு பழைய குத்தகைப் பத்திரத்தில் புதுப்பித்தல் குறித்த நிபந்தனை கிடையாது என்று நான் அடித்துச் சொன்னேன். அதைப் படியெடுத்தவனே நான்தான். திரை, இருக்கிறது என்றது. பரணிலிருந்து மூலத்தை எடுத்துவந்து பார்த்தோம். இருந்தது, என் கையெழுத்திலேயே. எங்கள் அலுவலகத்தின் இளைய வழக்கறிஞர் நந்தினி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளும் தமிழ்ப் பெண்தான். பாட்டனார் காலத்திலேயே இங்கு வந்துவிட்ட குடும்பம். என்னை வங்காள வழக்கப்படி 'காக்கு', அதாவது சித்தப்பா, என்றே அழைப்பாள்.

"காக்கு, ஏஐ-கிட்ட ஒரு சாரி சொல்லிடுங்க. பாவம், அதுக்கும் மனசு இருக்கும்ல?"

"சாரி," என்று நான் திரையைப் பார்த்துச் சொன்னேன். மனப்பூர்வமாகவே சொன்னேன். ஆகவே, இனி நான் கூறப்போவதை அந்த இயந்திரத்தின் மீது பகை கொண்ட கிழவனின் பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

*

அது ஆனி மாதத்து மழைநாள். உயர் நீதிமன்றத்துக்கு அருகே, பச்சைச் சாய்சட்டச் சன்னல்கள் கொண்ட ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் எங்கள் அலுவலகம். காலையிலிருந்தே விளக்கைப் போட்டிருந்தோம். சன்னல் விளிம்பில் புறாக்கள் நனைந்து அமர்ந்திருந்தன. தெருவின் ஒலிகள் யாவும் நீருக்கடியிலிருந்து வருவனபோல் வந்தன.

அன்று பகல் இரண்டு மணிக்குச் செண்பகம் அம்மாளின் மனு விசாரணைக்கு வரவிருந்தது. அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஐம்பத்தெட்டு வயது. கணவர் ஹவுராவில் ஒரு பட்டறையின் சரக்கறையைப் பார்த்துக்கொண்டிருந்தவர். டாலிகஞ்சில், ஒரு ஸ்டூடியோவின் பின்புறத் தெருவில், இரண்டு அறை கொண்ட கீழ்வீட்டில் முப்பது ஆண்டுகளாகக் குடியிருந்தார்கள். வாடகைச் சீட்டு கணவரின் பெயரில். எட்டு மாதங்களுக்கு முன் அவர் சிறுநீரக நோயால் காலமானார். மாடியில் குடியிருந்த வீட்டு உரிமையாளர் உடனே அம்மாளைக் காலி செய்யச் சொன்னார்.

குடியிருந்தவர் இறந்தால், இறக்கும் நாள்வரை அவருடன் வழக்கமாக வசித்து வந்த மனைவிக்கு அவ்வீட்டில் தொடரும் உரிமை உண்டு. உரிமையாளரோ, 'இவர் கணவருடன் வசிக்கவில்லை' என்று தம் மனுவில் ஒற்றை வரி எழுதியிருந்தார். அன்று இடைக்காலத் தடை கிடைக்காவிட்டால் அந்த வாரமே வீட்டுக்குப் பூட்டு விழும். அம்மாளுக்குப் பிள்ளைகள் இல்லை. வேறு வீடும் இல்லை.

அவர் முதன்முறை எங்களிடம் வந்தபோது அவருடைய கணவரின் தம்பி உடன் வந்திருந்தார். துறைமுக அலுவலகத்தில் பெரிய பதவியிலிருந்து ஓய்வுபெற்றவர். தமிழ்ச் சங்கத்தில் மாலை மரியாதை பெறுகிறவர். பேசியதெல்லாம் அவர்தான். "எங்க மதினி எப்பவும் அந்த வீட்லதான்" என்றார். அம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் விவரங்களைப் படிவத்தில் நிரப்பினோம். ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, எரிவாயுப் புத்தகம், மின்கட்டண ரசீதுகள் யாவற்றையும் ஸ்கேன் செய்தோம். இயந்திரம் அவற்றை உண்டு செரித்து, பத்துப் பக்கத்தில் ஒரு பிரமாணப் பத்திரத்தை ஆங்கிலத்தில் எழுதித் தந்தது. குற்றம் காண முடியாத ஆங்கிலம். நான் நாற்பது ஆண்டுகளில் எட்ட முயன்ற நடை.

இங்கு நம் தொழிலின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். சத்தியம் செய்கிறவருக்கு ஆங்கிலம் தெரியாவிட்டால், தெரிந்த ஒருவர் அவருடைய தாய்மொழியில் அதை வாசித்து விளக்க வேண்டும். பின்பு, 'இவரை நான் அறிவேன். இதை இவருக்கு வாசித்து விளக்கினேன். இவர் புரிந்துகொண்டார்' என்ற வரியின் கீழ்க் கையெழுத்திட வேண்டும். அந்த இடத்தில் கையெழுத்திடுவது பெரும்பாலும் முஹுரிதான். அந்த நீண்ட காகிதக் கட்டில் எங்களுக்கென்று இருப்பது அந்த ஓரங்குல இடம் மட்டுமே.

அந்த ஓரங்குலத்தில்தான் நாங்கள் எல்லோரும் ஏமாற்றுவோம். பத்துப் பக்கத்தை இரண்டு வாக்கியத்தில் சொல்லிக் கையெழுத்து வாங்கிவிடுவோம். ஆயிரக்கணக்கில் நான் அவ்வாறு செய்திருக்கிறேன். அன்றும் அதைத்தான் செய்தேன்.

"இந்த வீடு உங்க கணவர் பேர்ல இருந்தது. அவருக்கப்புறம் உங்களுக்கு உரிமை இருக்கு, ஓனர் காலி பண்ணச் சொல்லக் கூடாதுன்னு எழுதியிருக்கு. அவ்வளவுதாம்மா. இங்க ஒரு கையெழுத்து."

செண்பகம் அம்மாள் பேனாவை வாங்கவில்லை. "இவ்வளவுதானா அண்ணாச்சி? பத்துப் பக்கம் இருக்கே."

"மிச்சமெல்லாம் சட்ட பாஷைம்மா."

"சத்தியம் பண்ணுதது நான்தான? அப்ப முழுசா வாசிங்க."

நந்தினி கைக்கடிகாரத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "காக்கு, ஸொமய் நேய். நேரமே இல்ல. ஒரு மணிக்குள்ள சத்தியம் பண்ணி முடிச்சாகணும்."

"மெள்ள வாசிக்க வேண்டாம், வேகமாவே வாசிங்க. எனக்கு வெளங்கும்," என்றார் அம்மாள்.

நான் வாசிக்கத் தொடங்கினேன். கண் ஆங்கிலத்தின்மீது ஓட, வாய் தமிழில் சொல்லிச் செல்லும் அந்த வித்தை எனக்குப் பழக்கமானது. ஆனால் அதை முழுமையாகச் செய்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருந்தன. திருமணம் ஆகி இவ்வூருக்கு வந்தது, கணவரின் வேலை, அந்த வீட்டுக்குக் குடிவந்தது, அவருக்கு நோய் கண்டது. மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. என் குரல் எனக்கே தொலைவிலிருந்து கேட்டது. அம்மாள் ஒவ்வொரு பத்திக்கும் சிறிதாகத் தலையசைத்தார். கரையில் தெரிந்த முகங்கள் ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு விடைகொடுக்கும் படகுப் பயணியைப் போல் இருந்தார்.

பதினொன்றாம் பத்தியை வாசித்தேன். "கணவர் இறந்த நாள்வரை நான் மேற்படி வீட்டில் இடைவிடாது வசித்துவந்தேன். ஒருபோதும் வேறு இடத்தில் வசித்ததில்லை."

தலை அசையவில்லை.

"இது யாரு சொன்னது?" என்று கேட்டார்.

இத்தனை ஆண்டுகளில் என்னிடம் யாரும் கேட்டிராத கேள்வி. நான் தாள்களைப் புரட்டினேன். கொழுந்தனார், 'எப்பவும் அந்த வீட்லதான்' என்று சொன்னது உண்மை. 'ஒருபோதும்' என்றோ 'வேறு இடத்தில்' என்றோ அவரும் சொல்லவில்லை. படிவத்திலும் அது இல்லை. அட்டைகளும் புத்தகமும் ரசீதுகளும் ஒரே முகவரியைக் காட்டியதால், அவற்றிலிருந்து இயந்திரம் அந்த வாக்கியத்தைத் தானே நெய்திருந்தது. மனிதர் எவரும் சொல்லாத ஒரு வாக்கியத்தைச் சத்தியத்துக்குள் நான் வாசித்துக்கொண்டிருந்தேன்.

"யாரும் சொல்லலம்மா. உங்க பேப்பர்களப் பாத்து ஏஐ எழுதினது."

"அதுக்கு எப்படித் தெரியும்?"

"அதுக்குத் தெரியாது. தெரியாமத்தான் எழுதியிருக்கு."

அம்மாள் கதவைப் பார்த்தார். நந்தினி எழுந்துபோய் அதைச் சாத்தினாள்.

"நான் அங்க இல்ல," என்றார் அம்மாள். "அவிய போறதுக்கு முன்னால மூணு வருசம். ஜாதவ்பூர்ல ஒரு புரொபசர் வீட்ல, அவரோட அம்மா படுத்த படுக்கையா கெடந்தாவ. அந்த வீட்ல ஆயா வேல. திங்கக்கிழம விடிய முந்திப் போனா, சனிக்கிழம சாயங்காலந்தான் வருவேன். அவியளுக்கு வைத்தியம் பாக்க வேற வழி இல்ல. கொழுந்தன்கிட்டயும் சங்கத்து ஆளுககிட்டயும், தூரத்துச் சொந்தத்துல ஒரு அக்கா, மேலுக்கு முடியல, தொணைக்கு இருக்கேன்னு சொல்லிவச்சோம். கொழுந்தன் பெரிய எடத்துல இருக்காவ. மதினி அடுத்த வீட்ல பீ மூத்திரம் அள்ளுதான்னு தெரிஞ்சா அவியளுக்குத்தான கொறச்சல்? அன்னைக்கு உங்ககிட்ட வந்தப்ப அவிய பக்கத்துலயே உக்காந்திருந்தாவ. நான் எப்படிச் சொல்லுவேன்?"

நந்தினி என் பக்கம் திரும்பினாள். "காக்கு, இத எழுதினா கேஸே போச்சு. 'கூட வசிச்சாங்க'ங்கறதுதான் நம்ம கேஸே."

"தெரியும்."

"எல்லா டாக்குமென்ட்டும் நமக்குச் சாதகம். அவங்க ஒத்த வரிதான் எழுதியிருக்காங்க. ப்ரூஃப் ஒண்ணும் போடல."

அவள் தவறான யோசனை எதையும் சொல்லவில்லை. இருப்பதைத்தான் சொன்னாள். அம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பேனாவைத் தாமாகவே எடுத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, நீங்க போடச் சொன்னாப் போடுதேன். எனக்கு வீடு வேணும். நீங்க சொல்லுங்க."

நெருக்கடி என்று நீங்கள் எதிர்பார்ப்பது உரத்த குரல்களையும் ஓட்டத்தையும்தானே. எனக்கு அது அவ்வாறு வரவில்லை. அறை முழுவதும் மெதுவாகிவிட்டது. மழைநீர் கண்ணாடியில் வழிந்திறங்கும் தடம்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது. போடச் சொல்லிவிடலாம் என்றே முதலில் நினைத்தேன். அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். டாலிகஞ்சுத் தெருவில், மழையில் நனையும் ஒரு கட்டிலையும் பாத்திர மூட்டையையும் கண்டேன். கூடவே, என் பணியின் ஏழாம் ஆண்டில் நான் வாசிக்காமலே கையெழுத்து வாங்கிய ஹவுரா ஆலைத் தொழிலாளி ஒருவரையும் கண்டேன். தம் பெயரில் எழுதியிருந்தது தமக்கே தெரியாமல், குறுக்கு விசாரணையில் அவர் ஒவ்வொரு கேள்விக்கும் திக்கித் திணறினார். கூண்டிலிருந்தபடி அந்தக் கூட்டத்தில் என்னைத் தேடினார். நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவர் கண்கள் என்னைத் தேடியதை அறிந்தவன் நான் ஒருவனே. அவரிடம் போய் அதைச் சொன்னதுமில்லை.

எதிரே திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதனிடம் எதைக் கேட்டாலும் பதில் வரும். ஆனால் அம்மாள் என்னிடம் கேட்டிருந்தார்.

"போடாதீங்கம்மா," என்றேன். "உள்ளத எழுதினா வீடு போனாலும் போகலாம். உங்க கொழுந்தனாருக்கும் தெரிஞ்சுபோகும். ரெண்டையும் சொல்லிடறேன். ஆனா இதுல போடாதீங்க."

அவர் பேனாவின் மூடியை மாட்டி மேசைமேல் வைத்தார். முந்தானை நுனியை விரலில் சுற்றினார், பிரித்தார், மீண்டும் சுற்றினார்.

"எழுதினா, அது யாரு கைக்கு வேணாலும் போவுமா?"

"கோர்ட்டுல போட்டுட்டா, கேக்கறவங்க காப்பி வாங்கிக்கலாம்."

"சரி. எழுதுங்க," என்றார்.

இதற்குப் பின் நிகழ்ந்ததில் எனக்குப் பங்கு குறைவு. நந்தினி தன் நாற்காலியை அம்மாளுக்கு மிக அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள். "ஆன்ட்டி, சனிக்கிழம வீட்டுக்கு வருவீங்கல்ல? வந்து என்னென்ன செய்வீங்க? சின்ன விஷயம்கூட விடாம சொல்லுங்க."

"என்னத்தச் சொல்ல? வீட்ல உள்ள வேலதான். துணி துவைப்பேன். ஞாயித்துக்கிழம விடியக்காலம் மாவாட்டிருவேன். அவியளுக்கு ஒரு வாரத்துக்குத் தோச மாவு வேணும்லா. அந்தக் கிரைண்டர் சத்தத்துக்கு மேல இருக்கவன் கத்துவான் பாருங்க, பன்னி கத்துத மாதிரி."

"மேல யாரு?"

"ஓனருதான். ஒருக்க லெட்டரே போட்டுட்டான். அவிய வாசிச்சுக் காட்டிச் சிரிச்சாவ."

நந்தினி நிமிர்ந்தாள். பிறகு திரையின் பக்கம் திரும்பி, எதிர்த்தரப்பு தாக்கல் செய்திருந்த இருநூறு பக்கங்களில் அந்த மூன்றாண்டுகளைச் சேர்ந்த கடிதங்கள் உண்டா, அவற்றில் மனைவியைப் பற்றிய குறிப்பு உண்டா என்று தட்டினாள். அவள் விரலை எடுப்பதற்குள் விடை வந்துவிட்டது. ஒன்று இருந்தது. இரண்டு வாரமாகவே அது எங்களிடம் இருந்தது. 'நமக்குப் பாதகமானவை' என்ற தலைப்பின்கீழ் இயந்திரம் அதைச் சேர்த்திருந்ததால் எவரும் திறந்து பார்க்கவில்லை.

உரிமையாளர் அம்மாளின் கணவருக்கு எழுதிய கடிதம். 'ஞாயிறுதோறும் காலை ஐந்து மணிக்கு உங்கள் மனைவி அரைவை இயந்திரத்தை ஓட்டி என் குடும்பத்தின் உறக்கத்தைக் கெடுத்துவருகிறார். இது ஈராண்டுகளாகத் தொடர்கிறது.' குடியிருந்தவர்கள் தொல்லை கொடுத்தார்கள் என்று காட்டுவதற்காக எதிர்த்தரப்பினரே அதை இணைத்திருந்தார்கள். இயந்திரம் அதைத் தவறாக வகைப்படுத்தியது என்று நான் சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி அதுவரை அதனிடம் எவரும் கேட்டிருக்கவில்லை. நாங்களும் அம்மாளிடம் கேட்டிருக்கவில்லை.

"காக்கு!" என்று நந்தினி கத்தினாள். அம்மாள் பயந்துபோய், "என்ன, மாவாட்டுனது தப்பா?" என்று கேட்டார்.

பதினொன்றாம் பத்தியை நந்தினி தன் கையாலேயே எழுதினாள். ஜாதவ்பூர், ஆயா வேலை, சனிக்கிழமை மாலை, ஞாயிற்றுக்கிழமை விடியல், திங்கட்கிழமைப் புறப்பாடு. அம்மாள் சொன்ன வரிசையிலேயே எழுதினாள். கணவரின் வைத்தியத்துக்காகவே அவர் வெளியே தங்கினார் என்பதையும், வீடு என்று அவருக்கு இருந்தது அது ஒன்றே என்பதையும் எழுதினாள். நான் முதல் பக்கத்திலிருந்து மீண்டும் வாசித்தேன். இம்முறை பதினொன்றில் அம்மாள் தலையசைத்தார். தமிழில் கையெழுத்திட்டார். அதன்கீழ் நான் என் ஓரங்குலத்தில் கையெழுத்திட்டேன்.

*

நீதிமன்றத்தின் நீண்ட தாழ்வாரத்தில் கறுப்பு அங்கிகள் ஈரத்தோடு நகர்ந்துகொண்டிருந்தன. தூண்களுக்கு அப்பால் மழை ஒரு வெண்திரையாக நின்றது. எங்கள் மனு அழைக்கப்பட்டபோது மூன்று மணிக்கு மேலாகிவிட்டது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உயரமானவர். மேடை நாடகத்துக்கு ஏற்ற குரல். பிரமாணப் பத்திரத்தின் பிரதியை அப்போதுதான் வாங்கியிருந்தார், புரட்டிப் பார்க்கவில்லை.

"கனம் நீதிபதி அவர்களே, இந்த அம்மையார் கணவருடன் வசிக்கவே இல்லை. ஜாதவ்பூரில் ஒரு வீட்டில் வேலைக்காரியாகத் தங்கியிருந்தார். அந்தத் தெருக் காவலாளியின் வாக்குமூலம் இதோ என் கையில் இருக்கிறது. இப்படிப்பட்டவர் இன்று சத்தியத்தின் பேரில் இந்நீதிமன்றத்தில் வந்து…"

ப்ரூஃப் ஒண்ணும் போடல என்று நாங்கள் நம்பியிருக்க, அது அவர் கையில் இருந்தது. நந்தினி பின்னால் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்ததை நான் விவரிக்கத் தேவையில்லை.

நீதிபதி தாளைப் புரட்டிக்கொண்டே, "பதினொன்றாம் பத்தியைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார்.

"பிரதி இப்போதுதான் கைக்கு வந்தது…"

"படியுங்கள். எல்லோருக்கும் கேட்கும்படி படியுங்கள்."

அந்த நாடகக் குரல் செண்பகம் அம்மாளின் மூன்றாண்டுகளை அந்தப் பெரிய கூடத்தில் வாசித்தது. நான் அம்மாளின் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு வாக்கியத்தையும் தணிந்த குரலில் தமிழில் சொன்னேன். மின்விசிறிகள் உயரத்தில் சுழன்றுகொண்டிருந்தன. வாசிக்க வாசிக்க அந்தக் குரலின் உறுதி குறைந்து, இறுதியில் அது ஒரு சாதாரண மனிதரின் குரலாகிவிட்டது. நந்தினி எழுந்து, எதிர்த்தரப்பின் இணைப்பிலேயே உள்ள கடிதத்தைக் காட்டினாள். நீதிபதி அதை இரண்டு முறை படித்தார். சிரிப்பை அடக்கினார் என்றே எனக்குத் தோன்றியது.

அம்மாளைப் பார்த்து வங்காளத்தில் கேட்டார்: அந்த அரைவை இயந்திரம் உண்மையிலேயே அவ்வளவு சத்தம் போடுமா?

"ஹ்யா ஸார். கூப் ஆவாஜ்," என்றார் அம்மாள். ஆமாம் ஐயா, சரியான சத்தம். கூடமே சிரித்தது; எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் சிரித்துவிட்டார்.

வாரத்துக்கு ஆறு நாள் வெளியே உழைத்து, ஏழாம் நாள் வந்து கணவருக்கு ஒரு வாரத்து உணவை ஆக்கிவைப்பவர் எந்த வீட்டில் வசிக்கிறார் என்பதை விரிவாக ஆராய வேண்டியிருக்கிறது என்று கூறி, அதுவரை அவரை வெளியேற்றக் கூடாது என உத்தரவிட்டார் நீதிபதி. முதன்மை வழக்கு இன்றும் நிலுவையில் இருக்கிறது. அது எப்படி முடியும் என்று எனக்குத் தெரியாது. அம்மாள் இன்றும் அந்த வீட்டில் இருக்கிறார்.

இளைய நண்பர்களே, நீங்கள் பயன்படுத்தப்போகும் இயந்திரங்கள் நான் கண்டவற்றைவிட மிகவும் வல்லவையாக இருக்கும். அவற்றை நன்றாகப் பயன்படுத்துங்கள். அந்த இருநூறு பக்கத்தில் அந்தக் கடிதத்தை நானாகத் தேடியிருந்தால் மாலைவரை தேடியிருப்பேன், நீதிமன்றம் கலைந்திருக்கும். ஆனால், எழுதப்பட்டதைச் சத்தியமாக ஏற்கப்போகிறவரின் எதிரே ஒருவர் அமர்ந்து, அவருடைய மொழியில் முழுவதும் வாசித்து, அவர் தலை எங்கே அசையாமல் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நேரம் இல்லாத நாளிலும் பார்க்க வேண்டும். அன்று நான் அதைச் செய்தது என் திறமையால் அன்று. அந்த அம்மாள் பேனாவை வாங்க மறுத்ததால்.

இனி, அன்று நான் கடைசியாகக் கண்டதையும் எழுதிவிடுகிறேன். கூடத்தை விட்டுத் தாழ்வாரத்துக்கு வந்தோம். அம்மாளின் கைப்பேசி ஒலித்தது. கொழுந்தனார். மழை இரைச்சலில் காதுக்கு எட்டாததால், நந்தினி அதை வாங்கி ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தாள்.

"என்ன மதினி, என்ன ஆச்சு?"

"தடை குடுத்துட்டாவ."

"அப்பாடா! நாந்தான் அன்னைக்கு வழியிலயே உங்ககிட்ட சொன்னேம்லா, அந்த வீட்ட விட்டு எங்கயும் போனதில்லன்னு சொன்னாப் போதும்னு. இப்பப் பாத்தியளா?"

அந்த நிமிடத்தில் "ஆமா" என்று ஒரு சொல் சொன்னால் போதுமாயிருந்தது. காப்பி வாங்கிப் படிக்க அவர் வரப்போவதில்லை. நானும் நந்தினியும் சற்று விலகி மழையைப் பார்க்கத் தொடங்கினோம்.

"இல்ல," என்றார் செண்பகம் அம்மாள். "போயிருந்தேன். மூணு வருசம் ஜாதவ்பூர்ல ஒரு வீட்ல ஆயா வேல பாத்தேன். அக்காவும் கெடையாது, ஒருத்தியும் கெடையாது. உங்க அண்ணனுக்கும் தெரியும். இன்னைக்கு கோர்ட்டுல எழுதிக் குடுத்துட்டேன்."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நந்தினி எட்டிப் பார்த்தாள். பிறகு, மிகவும் தணிந்த குரலில் கேள்வி வந்தது.

"மதினி, மெள்ளப் பேசுங்க. பக்கத்துல யாரும் இருக்காவளா?"

அம்மாள் தலையை உயர்த்தித் தாழ்வாரத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். வழக்கறிஞர்களும் முஹுரிகளும் சேவகர்களும் கட்சிக்காரர்களும், நீர் சொட்டும் குடைகளோடு, சுவர் முதல் தூண்கள்வரை நெருங்கி நின்றிருந்தார்கள்.

"நெறையப் பேரு இருக்காவ," என்றார்.